தேன்மெழுகு சேராத மை

கண்ணக்கா என்று அவளுக்குப் பேர் வைத்தது ஒரு ஏழு வயதுப் பெண். பல் மருத்துவமனையின் சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடந்த அந்தப் பிள்ளைக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு விளக்கு, ஒரு பச்சை மாஸ்க், மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள். "அந்தக் கண்ணக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டாதான் வாயைத் திறப்பேன்" என்று அது கறாராகச் சொல்ல, டாக்டரம்மா சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அங்கே எல்லோருக்கும் அவள் கண்ணக்காதான். பேர் வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. லிப்ட் பழுது பார்க்கும் அவள் கணவர், டீ வேண்டும் என்றால் மட்டும் "கண்ணக்கா" என்று குழைவார்.

பதினாறு வருஷமாக அவள் அந்த டாக்டரம்மாவிடம் உதவியாளர். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, விளக்கைத் திருப்புவது, பல் அடைக்கும் சிமெண்டைக் கண்ணாடித் தகட்டில் குழைப்பது, கருவிகளை நீராவியில் வேகவைத்து எடுப்பது. இதெல்லாம் கை செய்யும் வேலை. இதற்கு மேல் ஒரு வேலை உண்டு. அதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. நாற்காலியில் கிடப்பவரால் பேச முடியாது, வாய் திறந்திருக்கிறது. மாஸ்க் போட்டவள் சிரித்தாலும் அவருக்குத் தெரியாது. ஆகவே கண்ணால்தான் எல்லாம். 'இன்னும் கொஞ்சம்தான்', 'நல்லா இருக்கீங்க', 'இப்ப ஒரு சத்தம் வரும், பயப்படாதீங்க.' இவ்வளவையும் அவள் கண்ணாலேயே சொல்லிவிடுவாள்.

அந்தக் கண்ணுக்கு அவள் பதினேழு வயதிலிருந்து மை போட்டு வந்தாள். இமை மயிர் அவளுக்குப் பிறவியிலேயே மெலிசு, நிறமும் கம்மி. மை இல்லாவிட்டால் முகத்தில் இரண்டு பொத்தான் தைத்த மாதிரி இருக்கும் என்று அவளே சொல்லிக்கொள்வாள். காலையில் ஜன்னலோரக் கண்ணாடி முன் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே இழுப்பில் ஒரு கோடு. மறு கண்ணுக்கு இன்னொன்று. காய்ச்சல் அடித்த நாளிலும், மகளை வெளியூர்க் கல்லூரி விடுதியில் கொண்டுபோய் விட்டு அழுதுகொண்டே திரும்பிய வாரத்திலும் அந்தக் கோடு கோணியதில்லை.

நாற்பத்தோராவது வயதில் கண் அரிக்க ஆரம்பித்தது. முதலில் புதுச் சோப்பின் மேல் பழி போட்டாள். பிறகு எதிர் வீட்டில் சிமெண்ட் வேலை நடக்கிறது என்று தூசியின் மேல். அப்புறம் பழி போட ஆள் கிடைக்கவில்லை. காலையில் இமைகள் பசை போட்டு ஒட்டியது போல் பிரிய மறுத்தன. இமை ஓரம் பொருக்கு கட்டிச் சிவந்தது. முகம் துடைத்த துண்டில் இருப்பதே கொஞ்சமான இமை மயிரில் மூன்று நான்கு வந்துவிடும். சிவப்பு தெரியக் கூடாதென்று அவள் மையை இன்னும் அழுத்திப் போட்டாள். கண் இன்னும் சிவந்தது.

அப்போதுதான் ஒரு லாரி டிரைவர் கடைவாய்ப் பல் பிடுங்க வந்தார். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உயரம். படுத்தார், வாயைத் திறந்தார், மேலே குனிந்த கண்ணக்காவைப் பார்த்தார். அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் மாஸ்க்கின் மேல் விழுந்தது. அவ்வளவுதான், மனுஷர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டர், எதையோ மறைக்கிறீங்க. அந்தம்மா எனக்காக அழறாங்க."

"ஐயோ, அவங்களுக்குக் கண்ணு சரியில்லைங்க" என்றார் டாக்டரம்மா.

"சும்மா சொல்லாதீங்க. பல்லுல என்னமோ பெருசா இருக்கு."

கழுத்தில் கட்டிய துணியோடு படியிறங்கிப் போய்விட்டார். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பதினாறு வருஷத்தில் அவளைப் பார்த்து ஒருவர் பயந்து ஓடியது அதுதான் முதல் தடவை. டாக்டரம்மா அதைக் கவனித்துவிட்டார். சிரிப்பை நிறுத்தி, கையுறையைக் கழற்றி, தானே கண் டாக்டருக்கு போன் போட்டு அன்று மாலைக்கே நேரம் வாங்கிக் கொடுத்தார்.

கண் டாக்டர் இளவயசுக்காரர். அவளைத் தாடையைப் பட்டையில் வைக்கச் சொல்லி, கருவி வழியாக வெகு நேரம் இமை ஓரத்தையே பார்த்தார்.

"என்ன மை போடறீங்க?"

கைப்பையைத் திறந்து மூன்று பென்சில்களை மேசையில் வைத்தாள். ஒன்றில் பேரே அழிந்துபோயிருந்தது.

"இது எப்ப வாங்கினது?"

"அது... மக பத்தாவது படிக்கும்போது."

டாக்டர் திட்டவில்லை. அதற்கே அவள் நன்றியோடு இருந்தாள். இமை ஓரத்தில் கண்ணுக்கு எண்ணெய் கொடுக்கும் சின்னச் சின்னத் துவாரங்கள் உண்டு, அவை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்று படம் வரைந்து காட்டினார். தினமும் வெதுவெதுப்பான துணி ஒத்தடம், இமையைச் சுத்தம் செய்வது, ஆறு வாரத்துக்கு மை கிடையாது. அதோடு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்துகொள்ளத் தோல் டாக்டரிடம் ஒரு சீட்டு.

தோல் டாக்டர் முதுகு முழுக்கச் சின்ன வட்டங்களாக மருந்து ஒட்டி அனுப்பினார். முதுகை நனைக்கக் கூடாது, சொறியக் கூடாது. நான்கு நாள் அவள் கதவு நிலையைக் கண்டாலே ஏக்கத்தோடு பார்த்தாள். கடைசியில் முப்பது வட்டத்தில் இரண்டு மட்டும் சிவந்து தடித்திருந்தன.

"ஆட்டு ரோமத்துல இருந்து எடுக்கற கொழுப்பு ஒண்ணு, தேன்மெழுகு ஒண்ணு" என்றார் டாக்டர்.

"நான் ஆட்டுப் பக்கமே போனதில்லையே டாக்டர்!"

"நீங்க போகலை. உங்க பென்சில் வழியா அது வந்திருக்கு."

மை இல்லாத ஆறு வாரம் அவளுக்கு நீளமாக இருந்தது. பார்க்கிறவர்களெல்லாம் "உடம்பு சரியில்லையா?" என்றார்கள். பஸ்ஸில் ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள். ஆனால் நாலாவது வாரம் கண் தெளிய ஆரம்பித்தது. ஐந்தாவது வாரம் கன்னம் வீங்கி அதே லாரி டிரைவர் வந்து சேர்ந்தார். படுத்ததும் மேலே பார்த்தார்.

"முன்ன இருந்த அழுமூஞ்சி அம்மா இல்லையா?"

"அவங்க லீவு" என்றாள் கண்ணக்கா மாஸ்க்குக்குள்ளிருந்து.

"நல்லது. நீங்களே இருங்க."

பல் வந்தது. மனுஷர் கும்பிட்டுவிட்டுப் போனார். டாக்டரம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். இந்த முறை கண்ணக்காவும் சிரித்தாள். ஆனால் பஸ்ஸில் வரும்போது ஒரு யோசனை குடைந்தது. மை இல்லாமலே வேலை நடக்கிறது. அப்படியானால் அது தனக்குத் தேவையே இல்லையா? தேவையில்லை என்பது புரிந்தது. ஆசை மட்டும் போகவில்லை. அதை யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஆறு வாரம் முடிந்த சனிக்கிழமை ஒரு கடைக்குப் போனாள். பெட்டி முழுக்கப் பச்சை இலைப் படம் போட்ட பென்சில் ஒன்றைக் கடைப்பெண் எடுத்துக் கொடுத்தாள். "நூத்துக்கு நூறு இயற்கை மேடம். ஒண்ணும் பண்ணாது." கண்ணக்கா பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துத்தான் பார்த்தாள். தேன்மெழுகு என்ற பேர் எங்கும் இல்லை. வாங்கினாள். திங்கட்கிழமை போட்டாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இடது இமை வீங்கிக் கண் பாதி மூடிவிட்டது.

சமையலறை ஸ்டூலில் ஒத்தடத் துணியோடு அவள் உட்கார்ந்திருந்தபோது, தண்ணீர் குடிக்க நாத்தனார் வந்தாள்.

நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவரின் தங்கை, கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். எழுத்தின் மேல் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பிடித்துவிடுவாள் என்பதால் அச்சகத்தில் அவளுக்குப் புள்ளி என்றே பேர். தங்கியிருந்த பெண்கள் விடுதியை இடித்துவிட்டதால் இரண்டு வருஷமாக அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணிக்கும் அவளுக்கும் சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. "சாவி எங்கே?", "சிலிண்டர் வந்துச்சா?" என்பதோடு சரி. காரணம் எட்டு வருஷப் பழசு. ஒரு சொந்தக்காரர் வீட்டில் பத்துப் பேர் நடுவே புள்ளி கேட்டாள்: "அண்ணி, மை போட்டிருக்கீங்களா, இல்ல கரிச்சட்டியில முகம் கழுவினீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். கண்ணக்காவும் சிரித்துவைத்தாள். அந்தச் சிரிப்பு உள்ளே போய் முள்ளாகத் தங்கிவிட்டது.

புள்ளி தண்ணீரைக் குடித்தாள். மேசையில் கிடந்த பச்சைப் பெட்டியை எடுத்தாள். எழுத்து கண்ணில் பட்டால் படிக்காமல் அவளால் வைக்க முடியாது. விளக்குக்கு நேராகப் பிடித்து, விரல் நகத்தால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக்கொண்டு போனாள்.

"அண்ணி, இதுல தேன்மெழுகு இருக்கு."

"இல்லையே. பார்த்துத்தான் வாங்கினேன்."

"பேர் மாத்திக்கிட்டு உக்காந்திருக்கு. செரா ஆல்பான்னு போட்டிருக்கான் பாருங்க. போன வருஷம் ஒரு மருந்துப் புத்தகம் திருத்தினேன், அதுல வந்துச்சு. தேன்மெழுகேதான்."

கண்ணக்கா பெட்டியை வாங்கிப் பார்த்தாள். ஒரு கண்ணால் எதுவும் சரியாகத் தெரியவில்லை. "விடு. தேனீகூட இயற்கைதானே, அவன் பொய் சொல்லலை. இனிமே எனக்கு எதுவும் வேண்டாம். இந்த வயசுல மை இல்லைன்னு யார் அழுதா?"

புள்ளி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். போகவில்லை.

"வேணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க."

கண்ணக்கா ஒத்தடத் துணியைக் கண்ணிலிருந்து எடுத்தாள். "வேணும்."

"அப்ப வேணும். அதுக்கு எதுக்குக் காரணம்?" என்றாள் புள்ளி. பிறகு குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நான் சொன்னது தப்பு அண்ணி. திருத்தம் போட எட்டு வருஷமா இடமே கிடைக்கலை."

ஒத்தடத் துணி ஆறிப்போயிருந்தது. புள்ளி அதை வாங்கி வெந்நீரில் நனைத்துப் பிழிந்து திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாளே வேலை ஆரம்பமாகிவிட்டது. தேன்மெழுகுக்கும் ஆட்டுக் கொழுப்புக்கும் பெட்டிகளில் என்னென்ன பேர் உண்டோ அத்தனையும் ஒரு தாளில் எழுதிப் புள்ளி பர்ஸில் வைத்துக்கொண்டாள். "தலைமறைவுப் பட்டியல்" என்று மேலே தலைப்பு வேறு. விலங்கிலிருந்து வந்த எதுவுமே சேராததற்கு வீகன் என்று பேர், அதைத் தேடினால் இந்த இரண்டும் ஒரேயடியாகக் கழிந்துவிடும் என்று கண் டாக்டரும் சொல்லியிருந்தார். கூடவே ஒரு எச்சரிக்கையும்: "வீகன்னாலே கண்ணுக்கு ஒத்துக்கும்னு அர்த்தம் இல்லை. வாசனை சேர்த்தது வேண்டாம். புதுசா, தேதி போட்டதா வாங்குங்க."

நான்கு ஞாயிற்றுக்கிழமை இருவரும் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். ஒரு பென்சிலில் எல்லாம் சரி, ஆனால் பூ எண்ணெய் வாசனை. "கண்ணு என்ன மூக்கா, மோந்து பார்க்க?" என்று புள்ளி அதைத் திருப்பி வைத்தாள். இன்னொன்றில் முன்பக்கம் கொட்டை எழுத்தில் வீகன், பின்பக்கம் பொடி எழுத்தில் தேன்மெழுகு. "முன்னாடி ஒரு பேச்சு, பின்னாடி ஒரு பேச்சு. எங்க மேனேஜரேதான்." திரவ மை ஒன்றில் குளிர்ச்சிக்கென்று என்னவோ சேர்த்திருந்தது, மூடியைத் திறந்ததுமே கண்ணக்காவுக்குக் கண் கலங்கியது. ஒரு கடையில் இவர்கள் நுழைவதைப் பார்த்ததும் விற்பனைப்பெண் பூதக்கண்ணாடியைத் தானே எடுத்து நீட்டினாள்.

மூன்றாவது ஞாயிறு கால் வலித்து ஒரு கடை வாசல் படியில் இருவரும் உட்கார்ந்திருந்தபோது, கண்ணக்கா தன் இமை மயிர் கதையைச் சொன்னாள். பொத்தான் தைத்த மாதிரி என்று சொல்லும்போது புள்ளி சிரிக்கவில்லை. "எனக்குத் தெரியாது அண்ணி. பார்க்கறதுக்குத் திமிரா இருக்கீங்கன்னு நினைச்சேன்" என்றாள். திமிர் என்ற சொல்லைக் கேட்டுக் கண்ணக்காவுக்கு ஏனோ சந்தோஷமாகக்கூட இருந்தது.

நான்காவது ஞாயிறு ஒரு சின்னக் கடையின் கீழ்த்தட்டில் படமே இல்லாத சாம்பல் நிறப் பெட்டி கிடைத்தது. சேர்மானம் ஆறே பொருள். செடியிலிருந்தும் இலையிலிருந்தும் எடுத்த மெழுகு இரண்டு, விளக்கெண்ணெய், இரும்பிலிருந்து எடுத்த கறுப்பு நிறமி, வேறு இரண்டு. வாசனை இல்லை. புள்ளி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள்.

"விளக்கெண்ணெயும் இருக்கு அண்ணி. ப்ரூப் படிக்கும்போது நாங்க கண்ணுல விட்டுக்கிறதுதானே, பயமில்லை."

பெட்டியின் அடியில் ஒரு போன் நம்பர் இருந்தது. கண்ணக்கா வாங்கிவிடலாம் என்றாள். புள்ளி விடவில்லை. அங்கேயே நின்று கூப்பிட்டாள். எடுத்தது ஒரு பெண் குரல், பின்னால் ஏதோ இயந்திரம் சுற்றும் சத்தம். கடை என்று பெரிதாக ஒன்றுமில்லை, தானும் இரண்டு பெண்களும்தான் தயாரிக்கிறோம் என்றது குரல். கண்ணக்கா போனை வாங்கித் தன் கதையைச் சொன்னாள். மறுமுனையில் இயந்திரச் சத்தம் நின்றது. அந்தப் பெண் அதை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள் என்று புரிந்தது.

"தேன்மெழுகுன்னா எவ்வளவு வீங்கிச்சு?"

"ஒரு கண்ணு மூடிடுச்சுங்க."

"அப்ப இந்த பேட்ச் வாங்காதீங்க" என்றாள் அந்தப் பெண். "பென்சில்ல தேன்மெழுகு கிடையாது. ஆனா இதைக் கலக்கின பாத்திரத்துலதான் முன்னாடி உதட்டுத் தைலம் போட்டோம், அதுல உண்டு. நல்லாத்தான் கழுவினோம். மத்தவங்களுக்குப் பரவாயில்லை. உங்களுக்கு நான் சத்தியம் பண்ண முடியாது. மூணு வாரம் பொறுங்க. பென்சிலுக்குன்னு தனிப் பாத்திரம் வாங்கியாச்சு, அதுல போடற முதல் பேட்ச்ல உங்களுக்கு அனுப்பறேன்."

கண்ணக்கா போனை அணைத்துவிட்டு கடைத்தட்டின் முன்னாலேயே நின்றாள். விற்கிறவள் வாங்காதே என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. முகம் தெரியாத ஒருத்தி, தன் சரக்கைவிட என் கண்ணைப் பெரிதாக நினைத்துவிட்டாளே என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று. "அழாதீங்க அண்ணி, லாரி டிரைவர் யாராவது பார்த்துடப் போறாங்க" என்றாள் புள்ளி.

மூன்று வாரம் என்றது நான்கு வாரமானது. ஆனால் பென்சில் வந்தது. தயாரித்த தேதி கையால் எழுதியிருந்தது. டாக்டர் சொன்னபடி ஒரு வாரம் முழங்கை மடிப்பில் காலையும் மாலையும் கோடு போட்டுப் பார்த்தாள். கணவர் அதைப் பார்த்துவிட்டு, "முகத்துல இடம் போதலையா? கையிலயும் கண்ணு வரையறே?" என்றார். தோல் சிவக்கவில்லை, அரிக்கவில்லை. அடுத்து வலது கண்ணில் மட்டும், இமை மயிருக்கு வெளிப்புறமாக, மெல்லிசாக ஒரு கோடு. ஒற்றைக் கண் மையோடு விடுமுறை நாள் முழுக்க வீட்டுக்குள் நடமாடினாள். புள்ளி மணிக்கொரு தரம் கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள். "தப்பு ஒண்ணும் இல்லை" என்று கடைசியில் தீர்ப்புச் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை ஜன்னலோரக் கண்ணாடி முன் நின்று கண்ணக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு கோடு இழுத்தாள். நாலு மாதமாக விட்டுப்போன பழக்கம். இடது கோடு நுனியில் சற்றுப் பிசகியது. அதைத் துடைத்துத் திருத்தவில்லை. அப்படியே வேலைக்குப் போனாள். டாக்டரம்மா மாஸ்க் கட்டிக்கொண்டே ஒரு நொடி பார்த்தார். "வந்துட்டியா" என்றார். அவ்வளவுதான். பகல் முழுக்க ஏழு பேர் படுத்து எழுந்தார்கள். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கண் அரிக்கவும் இல்லை.

அந்த வாரமே பென்சில் செய்த பெண்ணைக் கூப்பிட்டு நன்றி சொன்னாள். "இத்தனை கேள்வி கேட்டவங்க நீங்க ரெண்டு பேர்தான்" என்று அவள் சிரித்தாள். புதுப் பெட்டியில் எந்தப் பாத்திரத்தில் செய்தது என்றும் ஒரு வரி சேர்க்கப் போவதாகச் சொன்னாள். அந்தப் பெட்டி வாசகம் அச்சுக்குப் போகும் முன் புள்ளியின் மேசைக்கு வந்தது.

இப்போது இரண்டு வருஷம் ஆகப்போகிறது. கண்ணக்கா தினமும் வீட்டுக்கு வந்ததும் மையைக் கழுவிவிடுகிறாள். தேய்ப்பதில்லை, ஈரத் துணியை மூடிய இமை மேல் வைத்து அது தானாகக் கரையும் வரை காத்திருக்கிறாள். பென்சிலின் தேதி முடிந்தால் மிச்சமிருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுகிறாள். நாற்காலியிலிருந்து எழும் பெண்கள் சிலர் வாயைக் கொப்பளித்த கையோடு, "என்ன மை போடறீங்க?" என்று கேட்பதுண்டு. அவள் பென்சிலின் பேரை முதலில் சொல்வதில்லை. "உங்க கண்ணுக்கு எது ஆகாதுன்னு முதல்ல தெரிஞ்சுக்குங்க. அப்புறம் படிக்கத் தெரிஞ்ச ஆள் ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுக் கடைக்குப் போங்க" என்கிறாள். தனக்கு அப்படி ஒரு ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்ததை நினைத்தால் இன்றும் அவளுக்கு ஆச்சரியம் தீரவில்லை. இவர்கள் இருவரும் இப்போது சமையலறையில் பேசும் பேச்சில் கணவருக்கு டீ கிடைக்கத் தாமதமாகிறது.

போன மாதம் கண் டாக்டரிடம் கடைசியாகக் காட்டப் போனாள். கருவி வழியாகப் பார்த்த டாக்டர், இமை ஓரத்துத் துவாரங்கள் எல்லாம் திறந்திருக்கின்றன என்றார். இடது கண் ஓரத்தில் உதிர்ந்த இடத்தில் புது மயிர் நாலைந்து முளைத்திருக்கிறது என்றும் சொன்னார். இனி வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றாள். சாலையில் நல்ல காற்று. தூசி பறந்தது, பக்கத்தில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவளும் கண்ணை ஒரு முறை இறுக்க மூடித் திறந்தாள். உறுத்தவில்லை, ஒரு சொட்டுக்கூடத் தண்ணீர் வரவில்லை. போனை எடுத்து அச்சகத்துக்குக் கூப்பிட்டு, "எல்லாம் சரியா இருக்காம்" என்று புள்ளியிடம் சொன்னாள். பஸ் வரும் வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.